சாம்பலில் எலும்பு இல்லை

உருத்திரபுரம்,
ஆவணி, புதன்கிழமை.

என் மூத்தவனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். நான் சுகமில்லை, கொப்பர் சுகமில்லை, தம்பி தவம் சுகமில்லை. இந்த வீட்டில் சுகமாக இருப்பது சிவப்பு மாடு ஒன்றுதான். ஆகவே முறைக்கு எழுதுகிறதை விட்டுவிட்டு எழுத வேண்டியதை எழுதுகிறேன். நீ கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாக இருந்து வாசி. புஷ்பத்தையும் பக்கத்தில் இருத்திக்கொள். அவளுக்குத் தெரியாமல் நீ மட்டும் வாசித்து அலுமாரிக்குள் மடித்து வைக்கிற கடிதம் இல்லை இது. அவளுடைய வயிற்றில் இருக்கிற பிள்ளையை நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ கொப்பருக்குப் போட்ட கடிதத்தை அப்பா எனக்கு வாசித்துக் காட்டினார். அம்மா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியால் திரும்பி வரும்வரை தவத்தை என்னிடம் அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அது உன் நல்ல மனம். அதற்குக் கீழே எழுதினாயே ஒரு வரி, செல்லம் கூடிப்போய்விட்டது, அடியாத மாடு படியாது என்று, அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டைப் பற்றி உனக்கு என்னடா தெரியும்? நீ யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் நிழலில் இருந்து படித்தவன். இந்தக் குளத்துக் காணியில் கலப்பை பிடித்த மாடுகளை நான் கண்டிருக்கிறேன். அடித்தால் படிகிற மாடும் உண்டு. அடித்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்த் திரும்பி வராத மாடும் உண்டு. உன் தம்பியை அடித்துப் பார்த்தாயிற்று. நீ புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

பக்கத்துக் காணிச் செல்லையரின் வைக்கோல் போர் வெய்யிலில் பற்றிக்கொண்டது என்று உனக்கு எழுதினோம். வாத்தியார் வீட்டு வேலி யாரோ எறிந்த சுருட்டில் எரிந்தது என்று எழுதினோம். இரண்டும் பொய். இரண்டையும் கொளுத்தியவன் தவம். அவனைத்தான் வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார் கொப்பர். ஏன் கொளுத்தினான் என்று தெரியாமல் நீ அவனை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது.

உன் தங்கச்சி பவாவின் சாவுக்கு நீ வந்து சேர்ந்தபோது பிள்ளையைப் புதைத்து முடிந்திருந்தது. பாம்பு கடித்தது என்று மட்டும் சொன்னோம். எப்படி என்று நீயும் கேட்கவில்லை. அது ஆடி மாதம், சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். பவா அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். பாயில் விட்டால் கண் மூடித் திறக்கமுன் முற்றத்தில் நிற்பாள். நான் கிணற்றடிக்கு உடுப்புத் தோய்க்கப் போகும்போது, "தவம், தங்கச்சியைப் பாத்துக்கொள் ராசா" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவனுக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளையிடம் கைக்குழந்தையை விட்டாயா என்று உன் மாமி கேட்டாள். வேறு யாரிடம் விடுவது? காடு வெட்டி வந்து குடியேறிய இடத்தில் ஆயாவா வைத்திருந்தோம்?

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதுதான் கொடுமை. காணி துப்புரவாக்கியபோது கொப்பர் வெட்டிக் குவித்த பற்றைச் செடி வேலியோரம் காய்ந்து கிடந்தது. பவா அதைநோக்கித் தவழ்ந்து போயிருக்கிறாள், இவன் பின்னாலேயே போயிருக்கிறான். பற்றைக்குள்ளிருந்து புடையன் பாம்பு தலை நீட்டியதைக் கண்டிருக்கிறான். கத்துவதற்கு வாயைத் திறந்திருக்கிறான். சத்தம் வரவில்லை. பிள்ளை வீறிட்ட சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோதும் அவன் வாய் திறந்தபடியேதான் இருந்தது. கொப்பர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விஷக்கடி வைத்தியம் பார்க்கும் பரியாரியிடம் சைக்கிளில் பறந்தார். பாதி வழியில் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு தவம் ஒரு சொல் பேசவில்லை. அழவுமில்லை. சோற்றை வாயில் வைத்தால் விழுங்காமல் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பான். ஒருவரும் அவனை ஏசவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒருவரும் அவனோடு கதைக்கவுமில்லை. எனக்கு என் வயிறு எரிந்துகொண்டிருந்தது. கொப்பரோ பைத்தியம் பிடித்தவர்போலக் கத்தியும் கையுமாகத் திரிந்து, காணியில் கிடந்த பற்றை முழுவதையும் வெட்டி ஒரே இடத்தில் மலையாகக் குவித்தார். பிறகு தென்னோலையில் பந்தம்போல ஒரு சூள் கட்டிக் கொளுத்தி இவன் கையில் கொடுத்தார். "நீ வையடா. உன்ரை தங்கச்சியைத் திண்டது இதுக்குள்ளைதான் கிடக்கு. எரிஞ்சு சாம்பலாகட்டும். இனி ஒரு பாம்பும் இஞ்சை வராது" என்றார். இவன் வைத்தான். காற்று வளமாக இருந்தது, ஓங்கி எரிந்தது. அடங்கியதும் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "அம்மா, பசிக்குது" என்றான்.

ஐயோ ராசா, அந்தச் சொல்லைக் கேட்ட என் மனதை உனக்கு எப்படி எழுதுவேன்! சோற்றைக் குழைத்துத் தீத்தினேன், அள்ளி அள்ளித் தின்றான். பிள்ளையைத் திருப்பித் தந்த நெருப்பை நான் கைகூப்பிக் கும்பிட்டேன். அடுத்த நாள் காலையில் அவன் ஒரு தடியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சாம்பலுக்குள் குந்தியிருந்து கிண்டிக்கொண்டிருந்தான். பிள்ளை விளையாடத் தொடங்கிவிட்டான் என்று நானும் கொப்பரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சரியாகிவிட்டான் என்றே நினைத்தோம்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. எரித்த நிலத்தில் போட்ட குரக்கன் ஆளுயரத்துக்கு நின்றது. செல்லையர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "உவன் கைராசிக்காரனடி பிள்ளை" என்றார். அந்த ஒரு சொல் வாய்க்கால் கரை வீடுகள் நீளத்துக்கும் ஓடியது. உனக்குத் தெரியும், நாற்று வைக்க, விதை எறிய, முதல் கதிர் அறுக்க, எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் கைராசி பார்ப்பார்கள். அடுத்த ஆவணியில் புதுக்காடு வெட்டியவர்கள் எல்லோரும் வெற்றிலையும் பழமும் கொண்டு எங்கள் படலையைத் திறந்து வந்தார்கள். "தம்பி வந்து ஒரு குச்சி தட்டினால் போதும்" என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளையைக் குளிக்க வார்த்து, திருநீறு பூசி, பெரிய மனிதனைப்போல அழைத்துக்கொண்டு போவார்கள். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். வாழைக்குலை வந்த வீட்டுக்காரிக்குப் பெருமை வராதா? ஆனால் ஒன்றை மட்டும் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். நெருப்பு வைத்துவிட்டு வீட்டுக்கு வரமாட்டானாம். சாம்பல் ஆறும்வரை நின்று, பிறகு தடியால் கிண்டுவானாம். "என்ன தம்பி, புதையல் தேடுறீரோ?" என்று கேட்டால் பதில் சொல்லமாட்டானாம்.

இப்படியே சில வருடங்கள் போயின. பிறகு ஒரு சித்திரையில் நல்ல வெய்யில் நேரம் செல்லையரின் வைக்கோல் போர் எரிந்தது. அப்போது அவருடைய மகள் பரந்தனிலிருந்து கைக்குழந்தையோடு வந்து நின்றாள். போருக்குப் பக்கத்து வேப்பமரத்தில்தான் பிள்ளைக்கு ஏணை கட்டியிருந்தார்கள். நல்ல காலம், பிள்ளை உள்ளே பால் குடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் தவத்தைச் சந்தேகிக்கவில்லை. கைராசிக்காரன் அல்லவா! எல்லோரோடும் சேர்ந்து தண்ணீர் வாளி தூக்கினான். சாம்பலைக் கிண்டியதும் அவன்தான். நான் அதைக் கண்டேன். அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாத்தியார் வீட்டு வேலியில் பிடிபட்டான். தென்னோலைக் கிடுகுக்குள் குச்சியைச் செருகும்போது வாத்தியார் மனைவி கண்டுவிட்டாள். அவளுடைய பெடியன் அப்போதுதான் முற்றத்தில் தவழுகிறவன். அன்றைக்கு உன் அப்பா இவனைப் பாலை மரத்தில் கட்டி வைத்து அடித்தார். கேட்டாயா, அடித்துப் பார்த்தாயிற்று என்று மேலே எழுதியது அதைத்தான். பூவரசங் கம்பு முறிந்தது, இவன் வாய் திறக்கவில்லை. "ஏன்டா வைச்சனி? சொல்லடா! வாத்தியார் உனக்கு என்னடா செய்தவர்?" என்று கொப்பர் கத்துகிறார். இவன் அவரைத் தாண்டி, எரிந்த வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவிழ்த்துவிட்டதும் நேரே அங்கே போனான். போய் என்ன செய்திருப்பான் என்று நீயே சொல்லு.

அதோடு கைராசி போய், கொள்ளிக்கையன் என்ற பெயர் வந்தது. பழம் கொண்டு வந்த அதே வாய்கள்தான். முனி பிடித்திருக்கிறது என்றார்கள், கோவிலுக்குக் கொண்டுபோனோம். பூசாரியார் வேப்பிலையால் அடித்துப் பார்த்தார். பிறகு அவன் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, "ஆர் நீ? சொல்லு! எங்கையிருந்து வந்தனீ?" என்று உறுக்கினார். தவம் கையை உதறவில்லை. கற்பூரம் எரிந்து முடியும்வரை அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்று, கையில் மிஞ்சிய கரியை மற்ற விரலால் மெல்லத் தடவிப் பார்த்தான். பூசாரியார் இரண்டடி பின்வாங்கினார். அவர் முகத்தில் பயத்தைக் கண்ட பிறகு எனக்கு அவரிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன். மருந்துத் தண்ணீர் தந்து, மீசை முளைத்தால் சரியாகும் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளங்கைக் காயம் மட்டும் ஆறியது.

இனி நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். போன மாசி அரிவு வெட்டுக்கு என் தங்கச்சி மகள் பிள்ளையோடு வந்து நின்றாள், உனக்குத் தெரியும். பிள்ளை முற்றத்துப் பாயில் இருந்து தவழ்ந்து இறங்கியது. அந்த நேரம் தவத்தின் முகத்தைப் பார்த்தேன். முகம் வெளிறி, மேல் உதட்டில் வியர்வை. ஈர்க்குமாற்றுத் தடியை எடுத்தான். விறகுக் குவியலுக்குள் குத்தினான், உரலுக்குக் கீழே குத்தினான், கோழிக்கூட்டுக்குக் கீழே படுத்துப் பார்த்தான். வாய் எதையோ முணுமுணுத்தபடி. பிறகு விறுவிறென்று குசினிக்குள் போய் நெருப்புப்பெட்டியோடு வந்தான். எனக்குக் கத்த வந்தது. கத்தவில்லை. ஏனென்று தெரியாது, ஒருவேளை களைத்துப்போயிருந்தேன். பக்கத்தில் போய்க் குந்தியிருந்து, "என்னடா தேடுறாய், மேனை?" என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் ஒருவரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. ஏன் கொளுத்தினாய் என்று ஊரே கேட்டது. என்ன தேடுகிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை.

"அதைத்தான்" என்றான்.

"எதை ராசா?"

"தங்கச்சியைக் கடிச்சதை. அது சாகேல்லை அம்மா. அப்பா பொய் சொன்னவர். நான் அடுத்த நாள் முழுக்கக் கிண்டிப் பாத்தனான். சாம்பலுக்கை எலும்பு இல்லை."

அவனே தொடர்ந்தான். "அது எங்கையோ ஓடிப் போட்டுது. சின்னப் பிள்ளை தவழுற வீடாப் பாத்துத்தான் வரும். எனக்குச் சத்தம் வராது அம்மா. பாம்பைக் கண்டால் எனக்குச் சத்தம் வராது. அதுதான் முதலே எரிக்கிறன்" என்றான். ஏதோ மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன் என்று சொல்கிற குரலில் சொன்னான். செல்லையர் வீட்டில் ஏணை. வாத்தியார் வீட்டில் முற்றத்தில் பிள்ளை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. கெடுப்பதற்கு வைத்த நெருப்பு ஒன்றுமில்லை. காப்பதற்கு வைத்தது அத்தனையும். அதை அறிந்ததும் எனக்கு ஆறுதல் வரவில்லை ராசா, இன்னும் பயம்தான் வந்தது. கெட்டவன் என்றால் ஒருநாள் அலுத்துப்போய் நிறுத்துவான். இவன் நிறுத்தமாட்டான்.

அன்றைக்கு நான் அவனிடமிருந்து நெருப்புப்பெட்டியைப் பறிக்கவில்லை. நானும் ஒரு தடியை எடுத்தேன். "வா, ரெண்டு பேருமாப் பாப்பம்" என்றேன். விறகை ஒவ்வொரு கட்டையாக எடுத்து வைத்தோம். கோழிக்கூட்டைத் தூக்கிப் பார்த்தோம். வேலியோரம் நீளத்துக்கும் குத்திக்கொண்டு போனோம். அரிவுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். எல்லாம் முடிந்ததும், "இல்லை" என்றான். "இல்லை" என்று நானும் சொன்னேன். அவனாகவே நெருப்புப்பெட்டியை என் கையில் தந்தான். அன்றுமுதல் விளக்கு வைக்கமுன் நானும் அவனும் காணியைச் சுற்றுவது வழக்கமாயிற்று. எங்கள் வீட்டில் சிரிப்புக்கூட வந்தது. நான் தடியால் குத்திக்கொண்டே, "புடையனாரே, வீட்டிலை இருக்கிறீரோ?" என்று கேட்பேன், அவனுக்கு வாய்க்கோடி விரியும். பங்குனி, சித்திரை முழுக்க ஒரு குச்சியும் எரியவில்லை.

வைகாசியில் என் வயிற்றுக் கட்டி என்னைப் பாயில் தள்ளியது. நான் எழும்பவில்லை. கொப்பரிடம் சொன்னேன், "நீங்கள் ஒருக்கால் அவனோடை சுத்திப்போட்டு வாங்கோ" என்று. "உனக்கும் விசரே? இல்லாத பாம்பை நானும் தேடுறதே?" என்றவர், அவனைப் பார்த்து, "ஒரு பாம்பும் இல்லை, போய்ப் படி" என்று சொல்லிவிட்டார். தேடாமலே இல்லையென்று சொன்னார். முன்பும் அதைத்தானே செய்தவர். அந்த நேரம் செல்லையரின் மகள் அடுத்த பிள்ளையோடு வந்து நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியாது. மறுநாள் பகல் அவர்களுடைய மாட்டுக் கொட்டில் எரிந்தது. உள்ளே ஒரு கன்று கட்டிக் கிடந்தது.

நான் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து போய்ப் பார்த்தேன். சனமெல்லாம் சுற்றி நின்று மண்ணை வாரித் திட்டிக்கொண்டிருந்தது. தவம் ஒருவரையும் பார்க்கவில்லை. சாம்பலுக்குள் குந்தியிருந்தான். கன்றின் எலும்பு ஒன்றைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "இது இல்லை" என்று சொல்லிப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி கிண்டத் தொடங்கினான். அந்தச் சனத்துக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். செல்லையர் கன்றுக்காக அழுதார், மகன் பொல்லோடு வந்தான். இவன் இருந்தால் நாங்கள் இந்த வாய்க்கால் கரையில் குடியிருக்கமாட்டோம் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். இன்னொன்றையும் கேள். இந்த ஆவணியில், அதே செல்லையரின் தம்பி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து பதுங்கி வந்து, "அக்கை, ஒருத்தருக்கும் தெரியவேண்டாம், தம்பியை ஒருக்கால் அனுப்புறியளே? காடு வெட்டிக் காயுது" என்று கேட்கிறான். விளக்குமாற்றை எடுத்தேன், ஓடிவிட்டான். இந்தச் சனத்துக்கு நடுவில் அவனை விட்டுவிட்டு நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எப்படிக் கிடப்பேன்?

அதனால்தான் உன்னிடம் அனுப்பச் சம்மதித்தேன். சம்மதித்த நாளிலிருந்து எனக்கு நித்திரையில்லை. மாங்குளத்தில் நீ இருக்கிற மரக்காலை வளவை நான் தைப்பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் பாலைக் குற்றியும் முதிரைக் குற்றியும் கூரை உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கிறது. மரத்தூள் குவிந்து கிடக்கிறது. குற்றி புரட்டினால் கீழே பாம்பு சுருண்டு கிடக்கும் என்று நீயே எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். உன் வீட்டுக் கூரை கிடுகு. அங்கே ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது. எங்கள் காணியில் தேடி இல்லையென்று சொல்ல என்னால் முடிந்தது. மாங்குளத்தில் நீ தேடினால் இருக்கும், மேனை. அவன் அத்தனை வருடமாகத் தேடுவது அங்கே உண்மையாகவே இருக்கும்.

ஆகவே நான் சொல்வதைச் செய். அவன் வந்த அன்று பின்னேரமே தடியை எடுத்துக்கொண்டு அவனோடு சுற்று. எவ்வளவு களைப்பாக வந்தாலும் சுற்று. பார்க்காமல் இல்லையென்று ஒருநாளும் சொல்லாதே, அந்தப் பொய்யில்தான் எல்லாம் தொடங்கியது. பாம்பு கண்டால் அவனை விலத்தி நிற்கச் சொல்லாதே. பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ கத்து. உரத்துக் கத்து. கத்துவதற்கு ஒருவர் இருக்கிறார் என்று அவன் காதால் கேட்கவேண்டும். அடித்த பாம்பை அவன் கண்ணால் பார்க்க விடு. நெருப்புப்பெட்டியை ஒளித்து வைக்காதே, ஒளித்தால் தேடுவான். புஷ்பத்தின் மடியில் இருக்கட்டும், அவளிடம் கேட்டு வாங்கப் பழக்கு. பிள்ளையை அவனிடம் தனியாக விடாதே. அவன் ஏதும் செய்துவிடுவான் என்றில்லை. பாத்துக்கொள் என்ற சொல்லை அவன் காதில் மறுபடி போடாதே. அந்தச் சொல்லைத் தூக்க அவனால் முடியாது.

எனக்கு ஏதும் நடந்தால் இன்னொன்று. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது எங்கள் முறை. அந்த முறை எனக்கு வேண்டாம். நீயே வை. சனம் கதைக்கும், கதைக்கட்டும், வாழைக்குலை கொண்டு வந்த சனம்தானே. காடாற்றுக்கு எலும்பு பொறுக்கப் போகும்போதும் அவனைக் கூட்டிக்கொண்டு போகாதே. அவன் குனிந்து கிண்டுவான். அந்தச் சாம்பலில் எலும்பு இருக்கும். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து அவன் என்ன சொல்வான் என்று நினைத்தால் எனக்கு இப்போதே மேல் குளிர்கிறது.

இன்று பின்னேரம் அவனுடைய றங்குப்பெட்டியை அடுக்கினேன். இரண்டு கால்சட்டை, மூன்று சேட்டு, பள்ளிக்கூடப் புத்தகம். எல்லாவற்றுக்கும் அடியில் நாங்கள் சுற்றுகிற தடி, துணியில் சுற்றி வைத்திருந்தான். அதை நான் எடுக்கவில்லை. தடிக்குப் பக்கத்தில் ஒரு புது நெருப்புப்பெட்டி. அதற்கும் கையை நீட்டவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தானே எடுத்து என் மடியில் போட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவுக்கு வந்துவிட்டானே, அண்ணன் கொஞ்சம் பொறுத்தால் கரை சேர்ந்துவிடுவானே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. பெட்டியை மூடி நாதாங்கியைப் போட்டேன். அவன் அதன் மேல் ஏறி இருந்துகொண்டு கால்களை ஆட்டினான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருந்தது மாதிரியே இருந்தான்.

"அம்மா" என்றான். "அண்ணியின்ரை பிள்ளை எப்ப தவழத் தொடங்கும்?"

நான் எழும்பிப் போய் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை உன்னிடம் கேட்பான்.

அம்மா.